பழைய தையல் இயந்திரத்துக்கு எந்தப் பாதம் பொருந்தும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளில் சீதனத்தோடு வந்த கறுப்பு நிறத் தையல் இயந்திரம் ஒன்று, மூடியின் மேல் பூச்சாடியோ தொலைக்காட்சியோ ஏற்றப்பட்ட நிலையில், இன்றும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த 1990களில் பள்ளிச் சீருடையிலிருந்து நுளம்பு வலைவரை தைத்துத் தந்தவை கால்மிதியாலும் கைச்சில்லாலும் ஓடிய இந்த இயந்திரங்களே. அவற்றைத் திரும்பவும் ஓட்ட விரும்பும் இளையவர்கள் முதலில் தேடுவது, சிப் பூட்டுவதற்கோ விளிம்பு மடிப்பதற்கோ உரிய ஒரு பாதத்தைத்தான், அதாவது ஊசியின் அடியில் துணியை அமுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டைத்தான். கடையில் பல பாதங்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிவந்து பூட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று பூட்டுப்படாது, இன்னொன்று பூட்டுப்பட்டும் ஊசியை உடைத்துவிடும், மூன்றாவது துணியை நகரவிடாது. உடனே இயந்திரம் பழுதென்று முடிவுகட்டிப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி, கையிலுள்ள இயந்திரத்தை அடையாளம் காண்பது, அதற்குரிய பாதத்தை அளந்து தெரிந்தெடுப்பது, அந்தப் பாதம் ஒழுங்காக வேலை செய்யும்படி இயந்திரத்தைப் பேணுவது ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு பாதம் திருகாணியில் ஏறிவிட்டது என்பதாலேயே அது பொருந்திவிட்டது என்று கொள்ளக்கூடாது. ஊசி, துணியைக் கீழிருந்து தள்ளும் நகர்த்தும் பற்கள், பாதம் பூட்டப்படும் அமுக்குத் தண்டு ஆகிய மூன்றும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பாதத்தின் குறையென்று சொல்லப்படுபவற்றுள் கணிசமானவை இறுகிய எண்ணெயாலும் துருவாலும் வருபவை என்பதால், பராமரிப்பை விட்டுவிட்டுப் பொருத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

முதலாவது படி: இயந்திரம் எதுவென்று அறிதல்

சிங்கர் நிறுவனம் இலங்கையில் தன் விற்பனையை 1877 இலேயே தொடங்கிவிட்டது. ஆகவே நம்மிடையே உள்ள பழைய இயந்திரங்களுள் சிங்கர் அதிகமாகக் காணப்படுவதில் வியப்பில்லை. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1880களில் எழுந்து 1980 இல் மூடப்பட்ட தொழிற்சாலையில் செய்யப்பட்டவற்றின் மாதிரி எண்ணோடு 'கே' என்ற எழுத்து சேர்ந்திருக்கும். அது தொழிற்சாலை அமைந்திருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிப்பது. இயந்திரத்தின் அடித்தட்டில், வலப்பக்கத் தூணுக்கு அருகே, பொறிக்கப்பட்டுள்ள தொடர் இலக்கத்தைத் துணியால் துடைத்து வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். பிந்திய காலத்தவற்றில் மாதிரி எண் ஒரு சிறிய தகட்டில் தனியாகவும் இருக்கும்.

இலக்கம் அழிந்திருந்தாலும், கீழ்நூல் சுற்றப்படும் பொபின் இருக்கும் இடத்தைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடலாம். இடப்பக்கத் தகட்டை இழுத்ததும் வட்டப் பொபின் ஒன்று கூட்டுக்குள் நிமிர்ந்து நின்றால் அது சிங்கரின் 15 என்ற மாதிரி எண்ணைக் கொண்ட 15 வகையைச் சேர்ந்தது. இந்தியாவின் உஷா, சீனாவின் பட்டர்ஃபிளை, போருக்குப் பின் யப்பானிலிருந்து வெவ்வேறு பெயர்களில் வெளிவந்த கால்மிதி இயந்திரங்கள் ஆகியவற்றுள் மிகப் பலவும் இந்த 15 வகையைப் பார்த்துச் செய்யப்பட்டவையே. பொபின் தட்டையாகப் படுத்திருந்தால் 66 கே, 99 கே, 201 கே போன்றவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ஒல்லியான நீளப் பொபின் ஒன்று படகு போன்ற ஓடத்துக்குள் இருந்து, அந்த ஓடம் முன்னும் பின்னும் ஆடினால் அது 27, 28, 127, 128 என்ற வரிசையைச் சேர்ந்தது.

பொபினைப் பார்த்த கையோடு இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளலாம். 15 வகைப் பொபினின் இரு பக்கங்களும் தட்டையானவை. 66 வகைக்குரியதன் பக்கங்கள் சற்றுக் குவிந்தவை. மேலோட்டமாகப் பார்க்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் கடைகளில் ஒரே டப்பாவுக்குள் கலந்து கிடக்கும். மாறிப் போட்டால் கீழ்நூல் சிக்கும்; அந்தப் பழியும் புதிதாகப் பூட்டிய பாதத்தின் மேலேயே விழும்.

இரண்டாவது படி: அளவெடுத்தல்

பாதத்தைத் திருகாணியோடு பிணைக்கும் அதன் மேற்பகுதியைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். பொருத்தம் முதலில் இந்தக் கழுத்தின் உயரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே பூட்டியுள்ள பாதத்தை, ஊசி இறங்கும் துளையுள்ள ஊசித் தட்டின் மேல் முழுதாக இறக்கிவிட்டு, தட்டின் மேற்பரப்பிலிருந்து பாதத்தைப் பிடித்திருக்கும் திருகாணியின் நடுப்புள்ளிவரை அளவுகோலை நிமிர்த்தி வைத்து அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 முதல் 13 மில்லிமீற்றர் வந்தால் அது குட்டைக் கழுத்து. ஒரு அங்குலத்தை, அதாவது 25 மில்லிமீற்றரை அண்டி வந்தால் அது நெட்டைக் கழுத்து. அமுக்குத் தண்டே நிமிர்ந்து நில்லாமல் தைப்பவரை நோக்கிச் சரிந்து நின்றால் அது சாய்கழுத்து வகை. சிங்கர் 301, 401, 500 முதலியவை அத்தகையவை. சாய்கழுத்துக்குரிய பாதம் வேறெதற்கும் ஆகாது. வேறெந்தப் பாதமும் அதற்கு ஆகாது.

நம் வீடுகளில் உள்ள 15 வகை, 99 கே, 201 கே, ஓடம் ஆடும் 127, 128 வகைகள், உஷா ஆகியவை பொதுவாகக் குட்டைக் கழுத்தைச் சேர்ந்தவை. இது நல்ல செய்தி. ஏனெனில் இன்று விற்கப்படும் வீட்டுப் பாவனை இயந்திரங்களுள் பெருந்தொகையானவையும் அதே குட்டைக் கழுத்தையே கொண்டவை. ஐம்பதுகளில் செய்த இயந்திரத்துக்குப் போன மாதம் செய்த பாதத்தைப் பூட்ட முடிவது இதனால்தான். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் குட்டைக் கழுத்துப் பாதத்தைக் கொண்டுவரச் சொல்வதிலும் தடையில்லை. அளவு எங்கும் ஒன்றுதான். ஆனால் வட அமெரிக்காவிலிருந்து வரும் மோட்டரும் விளக்கும் 110 வோல்ற்றுக்கு உரியவை. அவற்றை நமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும்.

நகரத்துத் தையற்கடைகளில் ஓடும் ஜூக்கி போன்ற தொழிற்சாலை இயந்திரங்களின் பாதங்கள் மலிவாகவும் விதம்விதமாகவும் கிடைப்பதால், அவற்றை வாங்கிப் பூட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அவை நெட்டைக் கழுத்துக்காரர். வீட்டு இயந்திரத்தில் நிற்கா. நெட்டைக் கழுத்து இயந்திரத்தில் குட்டைக் கழுத்துப் பாதத்தைப் பூட்டுவதற்கு இடைத்துண்டு ஒன்று உண்டு. மறுதலையாகச் செய்வதற்கு வழி இல்லை, ஏனெனில் தண்டுக்கும் தட்டுக்கும் இடையில் அதற்கான இடமே இல்லை.

ஒரு விதிவிலக்கையும் நினைவில் வைத்திருங்கள். மிகப் பழைய 66 வகை இயந்திரங்களில் பாதம் பக்கவாட்டில் அல்லாமல் தண்டின் பின்புறமாகத் திருகப்படும். கழுத்தின் உயரத்தை மட்டும் அளந்து இதைத் தீர்மானிக்க முடியாது. திருகாணி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும். பின்புறம் பூட்டும் இயந்திரம் உங்களிடம் இருந்தால் அதனோடு வந்த பாதங்களைத் தொலைக்காமல் பேணுங்கள். புதிதாகக் கிடைப்பது அரிது. அதைவிடப் பழையதான, அடித்தட்டு பிடிலின் வடிவில் இடுங்கிய 12 வகை இயந்திரம் வாய்த்திருந்தால் பாதத்தைத் தேட முன்னர் ஊசியைத் தேடுங்கள், ஏனெனில் அதற்கு வேண்டிய ஊசி இன்றைய சாதாரண ஊசி அன்று.

மூன்றாவது படி: ஊசியைச் சரிபார்த்தல்

பாதத்தைச் சோதிக்கும்போது ஊசி சரியானதாக இல்லாவிட்டால் சோதனைக்கே பொருளில்லை. 15 வகை, 66, 99, 201, பிந்திய 127, 128, உஷா ஆகியவற்றுக்கு 15 எக்ஸ் 1 என்ற முறை ஊசி போதும். அதே ஊசியின் பெட்டியில் எச்ஏ எக்ஸ் 1 என்றோ 130/705 எச் என்றோ எழுதியிருக்கும். மேற்பகுதியின் ஒரு பக்கம் தட்டையாக இருப்பது அதன் அடையாளம். தொழிற்சாலை இயந்திரத்துக்குரிய டிபி எக்ஸ் 1 ஊசியின் மேற்பகுதி முழு உருளையாகவும் மெலிந்தும் இருப்பதால் வீட்டு இயந்திரத்தில் அது ஆடும். ஊசி ஆடினால் பாதத்தின் துளைக்கு நேரே இறங்காது.

தட்டையான பக்கம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. ஊசிக்கு மேலே நூல் கடைசியாக நுழையும் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஊசியின் நீண்ட பள்ளம் அந்தப் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். நூல் பள்ளத்தின் பக்கத்தால் கண்ணுக்குள் நுழைந்து தட்டையான பக்கத்தால் வெளியே வர வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளிய பின்னரே இறுக்குங்கள்.

சாதாரணப் பருத்தித் துணிக்கு 14 ஆம் இலக்க ஊசி, வொயில் போன்ற மெல்லிய துணிக்கு 11, திரைச்சீலை, பைத்துணி முதலிய தடித்தவற்றுக்கு 16 என்று தொடங்கலாம்.

நான்காவது படி: பூட்டிப் பார்த்தல்

ஊசியை மிக உயரத்துக்கு ஏற்றி, பாதம் தூக்கும் நெம்பையும் மேலே உயர்த்திவிட்டு, பழைய பாதத்தின் திருகாணியைத் தளர்த்திக் கழற்றுங்கள். திருகாணியை முழுவதுமாகக் கழற்ற வேண்டியதில்லை. சில சுற்றுகள் தளர்த்தினாலே பாதத்தின் கழுத்து வெளியே வந்துவிடும். திருகாணி தொலைந்துபோன இயந்திரமாயின், வீட்டில் கிடக்கும் மெட்ரிக் திருகாணி எதையாவது பலவந்தமாக ஏற்ற வேண்டாம். பழைய இயந்திரங்களின் திருகு மரைகள் வேறு அளவினவாதலால் தண்டின் மரை அழிந்துவிடும். அதைத் திருத்துவது பாதம் வாங்குவதிலும் பெரிய செலவு. பழுதான வேறொரு தையல் இயந்திரத்திலிருந்து கழற்றிய திருகாணியே பாதுகாப்பானது.

புதிய பாதத்தைப் பூட்டி ஸ்குறூ டிரைவரால் இறுக்குங்கள். விரலால் மட்டும் இறுக்கினால் அதிர்வில் தளர்ந்து, தைத்துக்கொண்டிருக்கையில் பாதம் இறங்கி ஊசியின் பாதையில் வந்துவிடும். இறுக்கிய பின் பாதத்தை இறக்கி, நூல் கோக்காமல், இயந்திரத்தை மிதிக்காமல், கைச்சில்லை உங்களை நோக்கி மெல்லச் சுழற்றி ஊசியை ஒருமுறை முழுதாகக் கீழே கொண்டுசெல்லுங்கள். ஊசி பாதத்தின் வாயில் எந்த ஓரத்தையும் உரசாமல் நடுவே இறங்க வேண்டும். இந்த ஒரு சுற்றுக்குப் பொறுமை இல்லாதவர்களே ஊசிக்கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

இனி, பூட்டுப்பட்டும் பொருந்தாத பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். இன்றைய இயந்திரங்கள் சிக்சாக் தைப்பவை. ஊசி இடமும் வலமும் ஆடுவதற்காக அவற்றின் பாதத்தில் ஊசி இறங்கும் வாய் அகலமாக இருக்கும், பாதமும் அகலமாகவே இருக்கும். நம் வீடுகளில் உள்ள பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் நேர்த்தையல் மட்டுமே தைப்பவை. அவற்றின் நகர்த்தும் பற்கள் ஒடுங்கியவை, ஊசித் தட்டின் துளை சிறியது, பழைய பாதத்தின் இரு விரல்களும் அந்தப் பற்களுக்கு நேர் மேலே வந்து துணியைப் பற்களோடு சேர்த்து அமுக்கும்படி அமைந்தவை. அகன்ற பாதத்தைப் பூட்டினால் பற்களின் மேல் வரவேண்டிய அழுத்தம் அவற்றின் வெளிப்புறத்தில், வெறும் தட்டின் மேல் விழுகிறது. பாதத்தின் அடியில் பள்ளம் வெட்டப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பற்கள் பள்ளத்துக்குள் புகுந்து வெறுமையில் ஓட, துணி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே புதிய பாதம் ஒன்றைப் பூட்டியதும் அதை உயர்த்திவிட்டு, குனிந்து முன்புறமிருந்து பாருங்கள். பாதத்தின் அடியில் தட்டையான பகுதி பற்களின் இரு வரிசைகளுக்கும் மேலே வருகிறதா? வருமாயின் அதைப் பாவிக்கலாம். ஒரு வரிசைக்கு மட்டும் மேலே வந்தால் துணி ஒரு பக்கமாக இழுபடும். இரண்டுக்கும் மேலே வராவிட்டால் அந்தப் பாதம் எவ்வளவு அழகானதாயினும் ஒதுக்கிவிடுங்கள்.

அழுத்திக் கழற்றும் பாதங்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குட்டைக் கழுத்துக்குரிய பிடி ஒன்றைத் திருகி வைத்துவிட்டால், சிறிய பாதங்களை ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். பழைய குட்டைக் கழுத்து இயந்திரங்களிலும் அந்தப் பிடி பூட்டுப்படும். என் கருத்தில், நேர்த்தையலுக்கு அது தேவையில்லை. இயந்திரத்தோடு வந்த உருக்குப் பாதமே துணியை உறுதியாகப் பிடிக்கும். சிப் பாதம், ஒடுங்கிய மடிப்புப் பாதம் போன்ற சிலவற்றை மட்டும் பாவிப்பதற்காகப் பிடியை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

நடக்கும் பாதம் என்று சொல்லப்படும் பெரிய பாதத்தின் பக்கத்தில் கவடு போன்ற ஒரு கை இருக்கும். ஊசியைப் பிடிக்கும் திருகாணியின் மேல் அந்தக் கவடு ஏறி உட்கார்ந்து, ஊசி ஏறி இறங்கும்போது தானும் ஏறி இறங்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் அந்தத் திருகாணியின் தலை கட்டையாக இருக்கும் அல்லது வேறு பக்கத்தை நோக்கியிருக்கும். வாங்க முன்னர் கவடு ஏற இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது படி: இறுகிய எண்ணெயையும் துருவையும் நீக்குதல்

நல்ல பாதம் பூட்டியும் பாதம் மெதுவாக இறங்குகிறது, பாதி வழியில் நிற்கிறது, துணி சீராக நகரவில்லை என்றால் அமுக்குத் தண்டில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். இதற்குக் காரணம் பெரும்பாலும் அன்புதான்: கையில் கிடைத்த தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ யாரோ ஊற்றியிருப்பார்கள். தாவர எண்ணெய்கள் காற்றுப்பட்டுக் காலப்போக்கில் மஞ்சள் பிசினாகிவிடும். தையல் இயந்திரத்துக்கென்று சிறு போத்தலில் விற்கப்படும் நிறமற்ற கனிம எண்ணெய் மட்டுமே உகந்தது.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய் போதும். இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றி, ஊசித் தண்டிலும் அமுக்குத் தண்டிலும் சில துளிகள் விட்டு, நெம்பைப் பலமுறை ஏற்றி இறக்கி, கைச்சில்லைச் சுற்றி, வெளிவரும் கறுப்பு அழுக்கைத் துணியால் துடையுங்கள். பல ஆண்டுகள் ஓடாத இயந்திரமாயின் ஒரே நாளில் எல்லாவற்றையும் இளக்கிவிட முயலாமல், துளிவிட்டு ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் திரும்பச் செய்யுங்கள். கைச்சில்லைப் பலவந்தப்படுத்த வேண்டாம். வெளிச்சத்துக்காக விளக்கோ மெழுகுதிரியோ அருகில் வைத்துக்கொள்ளக் கூடாது; யன்னல் ஓரத்தில் பகலில் செய்ய வேண்டிய வேலை இது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தடுக்காது. அது உலர்ந்ததும் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டே ஆக வேண்டும். நூல் இறுக்கத் தட்டுகளில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

ஊசித் தட்டைக் கழற்றினால் பற்களுக்கு இடையில் பஞ்சுத்தூசி கெட்டியாகப் படிந்திருப்பதைக் காண்பீர்கள். பற்கள் தட்டுக்கு மேலே போதிய அளவு எழ முடியாமற் போவதற்கு இந்தப் படிவும் ஒரு காரணம். மரக்குச்சியாலும் பழைய பற்தூரிகையாலும் அதைக் கிளறி எடுங்கள். வாயால் ஊதினால் தூசி உள்ளே போவதோடு ஈரமும் சேரும்.

கறுப்பு மேற்பூச்சையும் பொன்னிறப் பூவேலையையும் துடைக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். பழைய பூச்சின் மேல்படை அரக்கினால் ஆனது. அரக்கு மதுசாரத்தில் கரையும். கைகழுவும் சானிடைசராலோ ஸ்பிரிட்டாலோ துடைத்தால் பளபளப்பு மங்கிப் பூவேலை வெளிறிவிடும், பின்னர் அதை மீட்க இயலாது. மெல்லிய பருத்தித் துணியில் தையல் இயந்திர எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் துடைப்பதே போதும்.

பாதங்களின் துருவுக்கு வேறு வழி. அவற்றை ஒரு சிறு போத்தலில் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, பற்தூரிகையால் தேய்த்து, எஞ்சிய துருவை மிக நுண்ணிய உருக்குக் கம்பளியில் எண்ணெய் தொட்டு உரசி எடுங்கள். உருக்குக் கம்பளி வெள்ளி நிற உலோகப் பாகங்களுக்கு மட்டுமே உரியது. கறுப்புப் பூச்சின் அருகே கொண்டுபோக வேண்டாம். நிக்கல் முலாம் உரிந்து வரும் இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, பாதத்தின் அடிப்பக்கம். ஊசி பலமுறை பட்டு வாயின் ஓரத்தில் சிறு முட்கள் எழுந்திருக்கலாம். ஒரு துண்டு நைலோன் துணியை அடியில் இழுத்துப் பார்த்தால் எங்கே கொளுவுகிறது என்று தெரியும். மிக நுண்ணிய எமரித் தாளில் எண்ணெய் தடவி அந்த இடத்தை மட்டும் மழுக்குங்கள். பாதத்தை முகம்பார்க்கும் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தால் இரு விரல்களும் சமமாகப் படிகின்றனவா என்பது உடனே புலப்படும். ஒரு விரல் வளைந்திருந்தால் அந்தப் பாதத்தை நிமிர்த்த முயல்வதைவிட வேறொன்றைத் தேடுவது நல்லது. பழைய உருக்கு சட்டென முறிந்துவிடக்கூடும்.

துணியில்லாமல் பாதத்தை இறக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். பற்கள் பாதத்தின் அடியைக் கீறும், தாமும் மழுங்கும். எண்ணெய் விட்ட பின் ஓட்டிப் பார்ப்பதாயின் பாதத்தை உயர்த்திவிட்டு ஓட்டுங்கள், அல்லது கழிவுத் துணி ஒன்றை வைத்து ஓட்டி, வழியும் எண்ணெயை அதில் ஒற்றவிடுங்கள்.

ஆறாவது படி: அழுத்தமும் நேரும்

அமுக்குத் தண்டின் உச்சியில், இயந்திரத்தின் தலைக்கு மேலே, திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழ் உண்டு. பாதத்தின் அழுத்தம் அதில்தான் தங்கியிருக்கிறது. மெல்லிய துணிக்கு மேல்நோக்கித் திருகிக் குறைக்க வேண்டும். தடித்த துணிக்குக் கீழ்நோக்கித் திருகிக் கூட்ட வேண்டும். அழுத்தம் கூடினால் மெல்லிய துணியின் மேற்படை முன்னே தள்ளுப்பட்டு, தையலின் முடிவில் இரண்டு படைகளும் நீளத்தில் ஒன்றாமற் போகும். குறைந்தால் பற்கள் துணியைப் பிடிக்கமாட்டா. முன்னர் இருந்தவர் திரைச்சீலை தைத்த அதே அழுத்தத்தில் நீங்கள் வொயில் சட்டை தைத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது.

பாதம் சற்றே இடமாகவோ வலமாகவோ திரும்பி நின்று, எந்தப் பாதத்தைப் பூட்டினாலும் ஊசி ஒரே ஓரத்தை உரசினால், கோளாறு பாதத்தில் இல்லை, தண்டு திரும்பியிருக்கிறது. முகத்தகட்டைக் கழற்றினால் தண்டைப் பற்றியிருக்கும் ஒரு பிடியும் அதன் திருகாணியும் தெரியும். பாதத்தைத் தட்டின் மேல் இறக்கி, மேற்குமிழின் அழுத்தத்தை முழுவதும் தளர்த்தி, தண்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பென்சிலால் அடையாளமிட்ட பிறகு அந்தத் திருகாணியைச் சிறிதளவு தளர்த்தி, பாதம் பற்களுக்கு இணையாக வரும்படி தண்டைத் திருப்பி, உயரம் மாறாமல் திரும்ப இறுக்க வேண்டும். இதைத் தனியே செய்யத் தயங்குபவர்கள் பழகிய திருத்துநர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யும்போது அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

சில சிறப்புப் பாதங்கள்

பழைய சிங்கர் இயந்திரங்களோடு வந்த பச்சை அட்டைப்பெட்டி வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உள்ளே இருக்கும் துண்டுகளில் சிமான்கோ என்று பொறித்திருந்தால் அவை சிங்கர் நிறுவனத்தின் சொந்தப் பாகங்கள். கிரைஸ்ட் என்று இருந்தால் அமெரிக்காவில் துணைப்பாகங்களைச் செய்துவந்த வேறொரு நிறுவனத்தினுடையவை. அவை வெவ்வேறு கழுத்துகளுக்குச் செய்யப்பட்டதால் அளந்த பின்னரே பூட்ட வேண்டும்.

இவற்றுள் முதலில் பழக வேண்டியது சுருள்வாய் கொண்ட மடிப்புப் பாதம். லேஞ்சியின் ஓரம், சேலையின் முந்தானை, தாவணியின் கரை ஆகியவற்றை ஒடுக்கமாக மடித்துத் தைப்பதற்கு இதற்கு இணையில்லை. துணியின் ஓரத்தைச் சுருளுக்குள் நுழைப்பதுதான் சிரமம். தொடக்கத்தில் சிறிது தூரம் கையால் மடித்து இரண்டு தையல் போட்டு, நூலின் நுனிகளைப் பிடித்து இழுத்துச் சுருளுக்குள் வழிநடத்தினால் பிறகு அது தானாகவே மடித்துக்கொள்ளும். சுருள் நசுங்கியிருந்தால் அந்தப் பாதம் எதற்கும் உதவாது.

பக்கவாட்டில் நகரும் ஒற்றைவிரல் சிப் பாதம் பிளவுஸ்களுக்குப் பைப்பிங் வைப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். சிங்கரின் குட்டைக் கழுத்துக்குரியதன் இலக்கம் 161127. விரலை நகர்த்தி இறுக்கிய ஒவ்வொரு முறையும் கைச்சில்லைச் சுற்றி ஊசியின் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்குப் பாதம் கறுப்பும் வெள்ளியுமாக ஒரு சிறு இயந்திரம் போலவே இருக்கும். அதன் மேலுள்ள 1, 6, 12 என்ற எண்கள் எத்தனை தையலுக்கு ஒரு மடிப்பு என்பதைக் காட்டுபவை. சிறு பிள்ளைகளின் பாவாடைக்கு 6 இல் தொடங்குங்கள். அதன் கவடும் ஊசித் திருகாணியில் ஏற வேண்டும். அதைப் பூட்டிய பின் வேகமாக மிதிக்கக் கூடாது. உள்ளிருக்கும் மெல்லிய நீலநிறத் தகடுகளின் நுனி மழுங்கியிருந்தால் துணியைத் தள்ளாது. சுருக்குவதற்கு முன்னர் எத்தனை மடங்கு துணி வேண்டும் என்பதை அதே துணியின் ஒரு துண்டில் தைத்து அளந்துகொள்ளுங்கள். துணியின் தடிப்பும் தையலின் நீளமும் மாற அந்த அளவும் மாறிவிடும்.

நேர்த்தையல் இயந்திரத்திலும் பொத்தான் துளை தைக்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாது. பொத்தான்துளைக் கருவியைப் பாதத்தின் இடத்தில் பூட்டி, நகர்த்தும் பற்களை அதனோடு வரும் மூடுதகட்டால் மறைத்துவிட்டால், ஊசி நேராகவே இறங்க, கருவி துணியை இடமும் வலமும் அசைத்துத் துளையைச் சுற்றித் தைத்துவிடும். இதை வாங்கும்போது கழுத்தின் வகையோடு மூடுதகடு உள்ளே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகடில்லாத கருவி பழைய விற்பனைகளில் அடிக்கடி வரும். பற்கள் திறந்திருக்க இதை ஓட்டினால் பற்களும் கருவியும் துணியை எதிரெதிராக இழுக்கும்.

காற்றும் ஈரமும்

கடலுக்கு அண்மையில் இருக்கும் குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை போன்ற இடங்களிலும் தீவுப்பகுதியிலும் உப்புக்காற்று பாதங்களை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். வாடைக்காற்றோடு மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் தூசியும் மணலும் பற்களுக்குள் புகும். எனவே மழைக்கு முன் ஒருமுறை, சோளகம் ஓய்ந்த பின் ஒருமுறை என்று முகத்தகட்டையும் ஊசித் தட்டையும் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெய் விடுவதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். அன்றாடம் தைப்பவர்கள் இதற்குக் காத்திராமல் தூசியை வாரந்தோறும் எடுக்க வேண்டும்.

பாதங்களை எண்ணெய் தொட்ட துணியில் தனித்தனியே சுற்றி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் முலாம் கீறுப்பட்டு அந்த இடத்திலிருந்து துருத் தொடங்கும். பாதம் ஒவ்வொன்றையும் சுற்றிய துணியில் அது எந்த இயந்திரத்துக்கு உரியது, எந்தத் துணிக்குச் சரியாக வந்தது, அப்போது அழுத்தக் குமிழ் எந்த உயரத்தில் இருந்தது என்பதை ஒரு சிறு தாளில் எழுதிச் செருகிவிடுங்கள். இயந்திரத்தைத் தைக்காத நாட்களில் மூடிவைக்கும்போது, பாதத்தின் அடியில் ஒரு துண்டுப் பருத்தித் துணியை வைத்துப் பாதத்தை இறக்கிவிட்டால் எஞ்சிய எண்ணெய் தண்டு வழியே வடிந்து அந்தத் துணியில் ஊறிவிடும். மறுமுறை தைக்கும் வெள்ளைச் சீருடையில் கறை விழாது.